எட்டரை மணிப் பந்தி

"கப்பல்ல ராத்திரிச் சாப்பாடு ரெண்டு விதம் சார். ஃபிக்ஸட்னா தினமும் எட்டரைக்கு. அதே மேஜை, அதே நேரம், அதே சர்வர். ஃப்ளெக்ஸிபிள்னா எப்ப தோணுதோ அப்ப போய், எடம் கெடைக்கிற வரைக்கும் நிக்கணும். நம்மூர்க் கல்யாணத்துல அடுத்தவங்க நாற்காலிக்குப் பின்னால நிப்பமே, அந்த மாதிரி."

டிராவல்ஸ் பிரகாஷ் இதைச் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு அக்கறை. ஓசூரில் சென்னகிருஷ்ணன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து படிவத்தை நீட்டியவன், பீரோ எந்த அறையில், பின்கதவுக்கு என்ன பூட்டு என்பதையெல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தான்.

சிக்கல் கேமராதான். வீட்டைச் சுற்றி நாலு கேமரா. ரிடையரான சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணனுக்கு வேறு வேலை கிடையாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனில் தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்வார், அதுவும் அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே. கப்பலில் பார்ப்பதற்கென்று தனியாக வைஃபை வேறு வாங்கியிருந்தார். பதிவானால் ஆகட்டும், குரங்குக் குல்லா இருக்கிறது. அவர் அந்த நிமிஷமே பார்த்துப் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுவிட்டால்தான் பிரகாஷ் கதை முடிந்தது.

அவர் போனைத் தொடாத ஒரே நேரம் சாப்பாட்டு நேரம். தட்டு முன்னால் போனை எடுத்தால், மனைவி மங்கம்மா தட்டை எடுத்துவிடுவார். ஆக, அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பது தெரிந்தாக வேண்டும். ஃபிக்ஸட் என்றால் பீரோ பிரகாஷுக்கு. ஃப்ளெக்ஸிபிள் என்றால் ஒரு மாதம் பட்ட பாடெல்லாம் வீண்.

"ஃபிக்ஸட்டே போடுப்பா," என்றார் சென்னகிருஷ்ணன். "முப்பது வருஷம் சைரன் கேட்டுச் சாப்பிட்ட உடம்பு. டைம் தப்பினா தலை சுத்தும்."

"சைரனுக்குச் சாப்பிட்டது நீங்க. உங்க ஒவ்வொரு ஷிப்டுக்கும் எழுந்து ஆக்கிப்போட்டது யாரு?" என்றார் மங்கம்மா. "கடல் நடுவுலயாச்சும் எனக்குப் பசிக்கிறப்ப நான் சாப்பிடறேன். எனக்கு அந்த இன்னொண்ணைப் போடு."

"ஒரே ரூம்ல இருக்கறவங்க ஒரே மாதிரிதாம்மா போடணும்," என்று பிரகாஷ் கூசாமல் புளுகினான்.

கோபம் வந்தால் மங்கம்மா தெலுங்குக்கு மாறிவிடுவார். அரைமணி நேரம் தெலுங்கு ஓடியது. அது ஓயுமுன்பே பிரகாஷ் ஃபிக்ஸட் கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். போகும்போது, "நகையெல்லாம் எடுத்துட்டுப் போகாதீங்கம்மா, உப்புக் காத்து," என்று ஒரு யோசனையும் சொன்னான்.

அந்தத் தெருவிலிருந்து கப்பல் ஏறும் முதல் ஆள் சென்னகிருஷ்ணன்தான். பால்காரரிலிருந்து இஸ்திரிக்காரர் வரை அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. சென்னைக்குக் கார் கிளம்பிய அன்று தெருவே திரண்டு கையசைத்தது. கெலமங்கலத்துச் சொந்தக்காரர்கள் மாலையே போட்டுவிட்டார்கள். பிரகாஷ் முனைக் கடையில் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டான்.

இரண்டு நாள் பொறுத்தான். முன்கதவில் பெரிய பூட்டு. உள்ளே விளக்கு இல்லை, சத்தம் இல்லை.

மூன்றாம் நாள், சரியாக எட்டரை. இந்நேரம் நடுக்கடலில் சார் முன்னால் சூப் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே குல்லாவை இழுத்துவிட்டு, பின்சுவர் ஏறிக் குதித்து, பின்கதவில் பதித்திருந்த பூட்டை நெம்பினான். சமையலறையைத் தாண்டி ஹாலில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்ன அகல்விளக்கு. அந்த வெளிச்சத்தில் சென்னகிருஷ்ணன் தயிரில் ஊறிய அவலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் போன் இல்லை.

"சார், நீங்க கப்பல்ல இல்லியா?" வாய் தவறி வந்துவிட்டது.

இனி அவர் ஒரு கூச்சல் போட்டால் போதும், கையசைத்த தெரு மொத்தமும் கட்டையோடு வரும். சென்னகிருஷ்ணனோ பதறி எழுந்து வந்து, தயிர்க் கையாலேயே அவன் வாயைப் பொத்தினார்.

"கத்திடாதப்பா. நாங்க வீட்ல இருக்கறது தெருவுக்குத் தெரிஞ்சா மானமே போயிடும்."

பின்னால் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது. இன்னும் பசிக்காததால் படுக்கையறையில் படுத்திருந்த மங்கம்மாதான் எழுந்து வந்திருந்தார்.

"கொரல்லயே தெரிஞ்சிடுச்சு, டிராவல்ஸ்காரன்," என்று குல்லாவை உருவினார். "உன் ஃபிக்ஸட்டாலதாண்டா இவ்வளவும். கார்ல ஏறினதுல இருந்து அதே சண்டை. கிருஷ்ணகிரி டோல்கேட்ல நான் வரலேன்னு எறங்கிட்டேன். மாலை போட்டு அனுப்பின தெருவுக்கு எந்த மூஞ்சியோட திரும்பறது? இருட்டினப்புறம் பின்பக்கமா வந்து பூந்தோம். கப்பல் திரும்பறது வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் லைட்டு போட முடியாது. குக்கர் வெச்சா விசில் நாலு வீட்டுக்குக் கேக்கும். மூணு நாளா அவலு."

சென்னகிருஷ்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தார். பிரகாஷ் சுவர் ஏறியதும் பூட்டை நெம்பியதும் அதில் தெளிவாக ஓடின. "நீ எங்களைச் சொல்லாத. நாங்களும் உன்னைச் சொல்லல," என்றார்.

மங்கம்மா காலி டிபன் கேரியரை அவன் கையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை வரை சென்னகிருஷ்ணனுக்கு அதே மேஜை, அதே எட்டரை மணி, அதே சர்வர். மங்கம்மாவுக்குப் பசித்தபோதெல்லாம் பிரகாஷ் இன்னொரு தரம் சுவர் ஏறிக் குதித்தான்.