என் பெயர் போட்ட ஓட்டோ

முன்பின் தெரியாத ஒருவன் என் பெயரையும் என் பிறந்த நாளையும் தன் ஓட்டோவின் பின்னால் மாட்டிக்கொண்டு திரிகிறான். இதைப் பார்த்த பிறகும் பேசாமல் வா என்றார்கள், கூட வந்த பெண்கள்.

வருவேனா?

யட்டியாந்தோட்டை பஸாரில் நான் கால் வைத்ததே அன்றுதான். தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வுக்காகக் கம்பஸிலிருந்து வந்திருந்தோம். என் வீடு ஓப்பநாயக்கவில். இந்த ஊரில் என்னைத் தெரிந்த ஒரு ஆள் கிடையாது.

ஆனால் ஓட்டோக்கள் வரிசையாக நிற்கும் பார்க்கில் கடைசியாக நின்ற வண்டியில், மஞ்சள் நம்பர் பிளேட்டுக்குக் கீழே இன்னொரு கறுப்புப் பலகை. தங்க நிற எழுத்தில், 'சுமி 1103'.

நான் சுமித்ரா. வீட்டில் சுமி. பிறந்தது பதினோராம் திகதி, மூன்றாம் மாதம்.

பார்க்கின் தலைவர் றம்ஸான் நானாவிடம் போய்க் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வண்டிக்காரன் பெயர் கஜேந்திரனாம். பெண்சாதி செத்த பிறகு அந்தப் பலகையை மாட்டினானாம். ஏன் என்று யாருக்கும் சொல்லமாட்டானாம். பொழுது சாய்ந்தால் அவன் வண்டியில் ஒருவரும் ஏறுவதில்லை. முன்னால் போகிற வாகனத்தை ஒட்டி ஒட்டிப் போவான், அதன் பின்பக்கத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பான், பிறகு அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பான்.

"நமக்கெதுக்குத் தங்கச்சி, விட்டுருங்க" என்றார்.

எப்போதும் இதே கதைதான். ஆணுக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, ஒதுங்கிப் போக வேண்டியது பெண்.

நேரே போய் நின்றேன். பகல் பன்னிரண்டு மணி, ஆனால் மழை மூட்டத்தில் கடைகளில் லைட் போட்டிருந்தார்கள். கஜேந்திரன் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இது யார் பெயர் என்று கேட்டேன். தெரியாது என்றான். தெரியாத பெண்ணின் பெயரைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றுகிறவனை என்னவென்று சொல்வது, பொலிஸுக்குப் போகட்டுமா என்று கேட்டேன். பார்க்கில் இருந்தவர்கள் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"இது என் பேரு" என்றேன்.

அவன் இறங்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்ன வாயை மட்டும் பார்த்தான்.

"சுமின்னு நெறைய பேரு இருப்பாங்க, மிஸ்."

விவாதத்தில் தோற்று எனக்குப் பழக்கமில்லை. அடையாள அட்டையை எடுத்துப் பிறந்த திகதியைக் காட்டினேன். அதைத் தொடாமல் குனிந்து வாசித்தான். அதுவும் ஒத்துப்போகலாம் என்றான். சரி, இதற்கு என்ன சொல்கிறாய் என்று பலகையின் மூலையில் விரலை வைத்தேன். அங்கே ஒரு தேயிலைக் கொழுந்து வரைந்திருந்தது.

"கொழுந்துன்னா ரெண்டு இலை, ஒரு மொட்டு. நான் டவுன்ல வளந்தவ, தெரியாம மூணு இலை போட்டுட்டேன். எங்க அப்பா சிரிச்சிட்டு, மக வரைஞ்சது அப்படியே இருக்கட்டும்னு தன்னோட ஹயர் வேன்ல மாட்டினாரு. நான் விட்ட பிழையைக் கூடக் களவெடுத்திருக்கீங்க."

"எப்பங்க மாட்டினாரு?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி, என் பொறந்த நாளுக்கு. மூணே வாரம். பொலிஸ் புடிப்பாங்கன்னு அவரே கழட்டிட்டாரு. சட்டத்தை மதிக்கிற மனுசன்."

என் பக்கம் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கூடி நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அந்த மூணு வாரத்துக்குள்ளதாங்க" என்றார் கஜேந்திரன். "என் சம்சாரம் வெள்ளையம்மா, கொழுந்த தராசுல நிறுத்துக் குடுத்துட்டு ரோட்டோரமா வந்துகிட்டிருந்தா. ஒரு வேன் அடிச்சிட்டு நிக்காமப் போயிருச்சி. மழையில நம்பர் தெரியலையாம். கீழ இருந்தத மட்டும் படுத்த வாக்குல வாசிச்சிருக்கா."

பலகையில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கெடந்தா. என் பேரச் சொல்லல, புள்ளைங்க பேரச் சொல்லல. சுமி, பதினொன்னு பூஜ்யம் மூணு, கொழுந்துல மூணு இலை. இதையே சொல்லிக்கிட்டுப் போய்ச் சேந்துட்டா. நம்பர் இல்லாமத் தேட ஏலாதுன்னு பொலிஸ்ல சொல்லிட்டாங்க. அதான் அவ சொன்ன மாதிரியே செஞ்சு மாட்டினேன். ஏன்னு வெளிய சொன்னா, வர வேண்டிய ஆளு வராதில்லீங்களா?"

குரலில் கோபமே இல்லை.

இருந்தாலும் விடவில்லை. என் அப்பா நாகலிங்கத்தை எனக்குத் தெரியும், ரோட்டில் நாய் குறுக்கே வந்தாலே வேனை நிறுத்துகிறவர் என்றேன். யாராவது அந்தப் பலகையைப் பார்த்து இன்னொன்று செய்திருக்கலாம் என்றேன். அப்படியும் அவர்கள் நகராததால் போனை எடுத்தேன். இப்போதே கேட்கிறேன், எல்லோரும் கேளுங்கள் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

அப்பா உடனே எடுத்தார். வேன் எஞ்சின் சத்தம் கேட்டது.

"அப்பா, நான் யட்டியாந்தோட்டையில நிக்கிறேன். இங்க ஒரு ஓட்டோவில நம்ம பழைய பலகை மாதிரியே ஒன்னு மாட்டியிருக்கு. பேரு, திகதி, கொழுந்து, எல்லாமே."

எஞ்சின் நின்றது. கஜேந்திரன் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார்.

"அது நம்ம வேன்ல இருந்ததுன்னு" என்றார் அப்பா, "அங்க யாருகிட்டயும் சொல்லிடலியேம்மா?"