கடைசி ஈஸ்ட் மூட்டை

சித்தையன் வலையை இழுத்துக் கரையில் போடப் போட, ஸுப்ரஜா ஒவ்வொரு ஜிலேபி மீனாகத் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டாள்.

ஆறு மாதம் ஈஸ்ட் புரதத் தீவனம் தின்று வளர்ந்த மீன்கள். பக்கத்து வீட்டுக்காரர் குளத்து மீன்களுக்கு வழக்கம்போல மீன்தூள் தீவனம். எது தேவலை என்று பார்ப்பதுதான், ஹெப்பாளில் இருக்கும் அவள் கம்பெனியின் சோதனை. ஆள் தேடியபோது முதலில் கை தூக்கியவர் சித்தையன்.

மீன்தூள் தின்றவைதான் கொஞ்சம் கூடுதலாகச் சதை போட்டிருந்தன.

சோதனை இன்றோடு முடிகிறது, இனி ஈஸ்ட் தீவனம் வராது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். போன வாரம் அவருக்குக் கொடுத்ததுதான் கடைசி மூட்டை. வெறுங்கையோடு வரக்கூடாதென்று, மீன்தூள் தீவனம் ஒரு மூட்டை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள்.

சித்தையன் அதைத் தொடவில்லை.

ஈஸ்ட் இன்னும் ஒரு மூட்டையாவது கிடைக்காதா என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டார். மீன் இளைத்தாலும் பரவாயில்லையாம்.

மீன்தூள் வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று ஸுப்ரஜா நினைத்தாள். மேல்கோட்டை ஐயங்கார் வீட்டுப் பெண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள்தான். அதைச் சொன்னாள். சித்தையன் மரியாதைக்குச் சிரித்தார்.

அவர் மனைவி கெம்பம்மா மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது எங்கே பிடித்த மீன் என்று கேட்டாள்.

ஸுப்ரஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அழுகல் கிழுகல் ஒண்ணும் சேக்கறதில்லக்கா. எல்லாம் நம்ம மங்களூர்க் கடல் மத்திதான்."

கெம்பம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஸுப்ரஜாவுக்கு விளங்கவில்லை. பேச்சை மாற்ற, படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

மூன்று என்றார்.

ஆறு மாதமாக வருகிறாள். இந்த இரண்டு பேரைத் தவிர யாரையும் பார்த்ததில்லை. மூன்றாவது யார் என்றாள்.

சித்தையன் குனிந்து, வலையில் மிச்சமிருந்த மீன்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்.

"எங்க பையன் கவின்ராஜுங்க. மங்களூர்ல மீன் புடிக்கற போட்டுக்கு வேலைக்குப் போனான். போன ஐப்பசிப் புயல்ல போட்டு முழுகிருச்சு. மத்தவங்களையெல்லாம் கரை சேத்துட்டாங்க. அவன் மட்டும் இன்னும் கெடைக்கல. அந்தக் கடல் மீனை நான் எப்படிங்க அம்மிணி இதுங்களுக்குப் போடுவேன்?"

ஸுப்ரஜா மூன்று என்றே எழுதினாள்.

பிறகு மீன்தூள் மூட்டையைத் தானே தூக்கி ஸ்கூட்டரில் வைத்தாள். கனத்தது. கைகொடுக்க அவர் வரவில்லை.