அல்லி தலையாட்டிய குதிரை

ஒரு கைபேசிப் பந்தய விளையாட்டுக்குள்ளே அல்லி என்றொரு பெண்குதிரை இருந்தது. ஓடிய பந்தயமெல்லாம் ஜெயித்துவிட்டு, இனிக் குட்டி போடலாம் என்று லாயத்துக்கு வந்திருந்தது. குட்டி யாரைப்போல வருமோ என்பதுதான் அதற்குக் கவலை. அந்த விளையாட்டில் பெண்குதிரை தலையாட்டினால்தான் ஜோடி சேரும்.

முதலில் புயலரசன் என்ற ஆண்குதிரை வந்து பிடரியைச் சிலுப்பியது. "என் வேகம் உன் குட்டிக்கு வந்தா, அதை எவன் பிடிப்பான்?"

"தள்ளுப்பா," என்றது அடுத்து வந்த வீரகேசரி. "உன் வேகத்துக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கும். கடைசிவரைக்கும் நிக்கிறது என் தெம்புதான்."

அல்லி இரண்டையும் தாண்டிப்போய், மூலையில் புல் மென்றுகொண்டிருந்த சாம்பலனிடம் தலையாட்டியது. தினமும் காலையில் அல்லியோடு ஓடிப் பழக்குவதும், கடைசியில் தோற்றுப்போவதும்தான் சாம்பலனின் வேலை.

அதன் வாயிலிருந்து புல் நழுவியது. "ஏ புள்ள, கண்ணு தெரியலையா? நான் ஒருநாளும் ஜெயிச்சதில்லையே!"

"நீ வரலேன்னா நான் யாரை முந்தியிருப்பேன்? கொட்டுற மழையிலேகூட வந்தியே. உன் குளம்புச் சத்தம் கேட்டுக் கேட்டுத்தானே என் காலு ஓடிச்சு!"

குட்டி பிறந்தது. நடுங்கும் காலோடு எழுந்து துள்ளி ஓடிய குட்டி, பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது. பின்னால் அப்பன் வருவதைப் பார்த்த பிறகுதான் மறுபடியும் ஓடியது.