உம் கொட்டுகிறவன்

உம் கொட்டுவது என் தொழில். யாராவது பேசினால் எதிரே உட்கார்ந்து "உம்" சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் கூலி. ஓய்வுபெற்ற பேராசிரியர் தில்லைநாயகம் தினமும் மாலையில் என்னை வரவழைப்பார்.

"மனுஷன் காதைக்கூடச் சந்தையில வித்துட்டானே, அருளப்பா! இதைத் தடை பண்ண வைக்காம விடமாட்டேன்."

"உம்."

"இது சுரண்டல்."

"என் காது, நான் விக்கிறேன். நீங்க வாங்குறீங்க. இதுல யார் சார் அழுதா? முன்னாடி மூட்டை தூக்கி முதுகே போச்சு."

"உனக்குப் புரியாது. நீ உம் மட்டும் கொட்டு."

அவருடைய மகனும் மகளும் அதே தெருவில்தான் இருந்தார்கள். வந்து கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

நேற்று சட்டம் வந்துவிட்டது. இனி காசுக்கு யாரும் உம் கொட்டக் கூடாது. இனி வர முடியாது என்று சொல்லிவிட்டு வரப் போனேன். கையில் லட்டுடன் கதவைத் திறந்தார்.

"ஜெயிச்சுட்டோம்! உட்காரு, முதல்லேர்ந்து சொல்றேன்."

"லாரி ஷெட்டுல மூட்டை இறக்கப் போகணும் சார்."

"உன் விடுதலைக்காகத்தான்யா போராடினேன்!"

லட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். மேலே அவர் தனியாகப் பேசத் தொடங்கியிருந்தார். வழக்கமாக நான் உம் சொல்லும் இடத்தில் நிறுத்திக் காத்திருந்தார்.

சும்மா கொட்டலாம், சட்டத்தில் அதற்குத் தடையில்லை. ஆனால் லாரி வந்திருக்கும்.