காத்துப் பை வைத்த பிக்கப்

எல்லாரும் சௌக்கியம்தானே? வெயிலுக்கு மோரும் தண்ணீருமாகக் குடித்து உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? சரி, நம்ம மெக்கானிக் இன்னாசிராஜ் கதைக்கு வருகிறேன்.

திண்டிவனத்தில் விழுப்புரம் ரோட்டோரம் அவருக்கு ஒரு ஷெட். வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தே, எத்தனை கிலோ ஏற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத நாள் கிடையாது.

2011 ஆகஸ்டில் ஒரு நாள், வானூர் சின்னதுரை தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணே, பின்னாடி வண்டியத் தூக்கி எறக்குற காத்துப் பை வெச்சிக் குடுங்க. பேட்டரியில ஓடுற சின்ன கம்ப்ரசர் வேணாம். எஞ்சின் பெல்ட்டுல ஓடுற பெரிய கம்ப்ரசரா மாட்டுங்க."

"எதுக்குய்யா அவ்ளோ பெருசு?"

"ஜல்தியா தூக்கணும். அத விட ஜல்தியா எறங்கணும். காத்து எறங்கும்போது புஸ்ஸுன்னு சத்தம் வெளிய கேக்கக் கூடாது. சுவிச்சி என் காலாண்ட இருக்கணும். ஸ்பிரிங் பட்டையில ரெண்ட உருவிடுங்க."

இன்னாசிராஜின் புருவம் மேலே போனது. "இன்னாத்த ஏத்தப் போற?"

"கல்லுங்கண்ணே. வூட்டு அஸ்திவாரத்துக்குப் போடுற கருங்கல்லு."

"கல்லா!" வயிறு குலுங்கச் சிரித்தார். "கல்லு ஏத்துறவன் எவன்யா காத்துல மெதந்துக்கினு போவான்? வானூர்ல குந்திக்கினு, பாண்டிச்சேரிய பக்கத்துல வெச்சிக்கினு... உன் கல்லு மூடி போட்ட கல்லுன்னு எனக்குத் தெரியாதா?"

இன்னாசிராஜ் கேட்ட கூலிக்குச் சின்னதுரை பேரம்கூடப் பேசவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மத்தியானம் சோறு கொண்டுவந்த மனைவி பவுலினிடம் விளக்கினார். "பாண்டிச்சேரி சரக்குடி! வண்டி பின்னாடி தாழ்ந்தா செக்போஸ்ட்ல புடிப்பான். காத்தடிச்சி மட்டமா நிறுத்திட்டா, காலி வண்டின்னு வுட்டுடுவான்."

"தெரிஞ்சேவா மாட்டிக் குடுக்கற?"

"நான் காத்துதானடி விக்கறேன். சரக்கா விக்கறேன்?"

"இந்த மூளைய வூட்டு வேலையில காட்டு. கிறிஸ்மஸுக்குள்ள வாடக வூட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நம்ம வூட்டுல அஸ்திவாரமே எழும்பல."

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. பழைய லாரி கம்ப்ரசர் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டில் சுற்றியது. சுவிட்சைத் தட்டினால் பின்பக்கம் யானை எழுந்த மாதிரி எழுந்தது. இன்னொரு தட்டு தட்டினால் சத்தமே இல்லாமல் படுத்தது. இன்னாசிராஜ் தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டார்.

கிண்டலை மட்டும் விடவில்லை. "கல்லுதான்னு சாதிக்கிறியே, எங்க வூட்டுக்கே பன்னெண்டு லோடு போடேன், பாப்போம்."

"போட்டுட்றேண்ணே" என்றான் சின்னதுரை, முகம் மாறாமல்.

மறுநாளிலிருந்து தினமும் விடிந்ததும் பிக்கப் ஷெட் வாசலில் ஒரு நிமிடம் நிற்கும். தார்ப்பாய்க்குள் விளிம்பு வரை கல். பின்பக்கம் தரையைத் தொடாத குறை. 'கல்லுக்குப் போய்க் காத்தை வீணாக்குவானா? அது சரக்குக்கு' என்று நினைத்தபடி இன்னாசிராஜ் தலையாட்டுவார். வண்டி மனைக்குப் போகும். கொத்தனார் வருவதற்குள் சின்னதுரையின் ஆட்களே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

பத்தாவது நாள் கொத்தனார் மாரியப்பன் ஷெட்டுக்கு வந்து நின்றார். "பத்து லோடு வந்தும் பாதி அஸ்திவாரம் ரொம்பலீங்களே. கல்லு பத்தல."

"வண்டி தரையத் தேச்சிக்கினு வந்துச்சி. என் கண்ணால பாத்தேன். எந்த வூட்டுக்கு வித்த, மேஸ்திரி?"

முப்பது வருடம் கொத்து வேலை பார்த்த மனுஷன். கரண்டியையும் ரசமட்டத்தையும் சாக்கில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொத்தனார் போனதில் வேலை நின்றது. வேலை நின்றதில் பவுலின் பேச்சும் நின்றது. அந்த எரிச்சலில், "கிறிஸ்மஸுக்கு ரெண்டு பெட்டி சரக்காவது தள்ளு" என்று சின்னதுரைக்குப் போன் போட்டார். "சத்தியமா கல்லுதாண்ணே ஏத்தறேன்" என்றான் அவன்.

'என் கல்லுக்கு அடியிலயே பாட்டிலை வைத்துக் கடத்திவிட்டு, எனக்கே இல்லை என்கிறானா?' உடனே தெரிந்த ஏட்டு வெங்கடாசலத்தைக் கூப்பிட்டார். "நாளைக்குப் பதினோராவது லோடு வருது சார். அடி வரைக்கும் எறக்கிப் பாருங்க."

மறுநாள் காலை ஏட்டிடமிருந்து போன் வந்தது.

"யோவ் இன்னாசி, பாட்டிலும் இல்ல, மூடியும் இல்ல. கல்லுதான். அதுவும் அர லோடு! நடுவுல காலி டிரம்ம கவுத்து வெச்சி, சுத்தி கல்ல அடுக்கிக்கினு வர்றான். காலாண்ட ஒரு சுவிச்சி. தட்டுனா ரெண்டு டன்னு ஏத்துனாப்புல வண்டி பொதக்குன்னு படுக்குது. பாக்கறவன் ஃபுல் லோடுன்னு நெனச்சிக்குவான்."

ஷெட் மூலையில் கிடந்த, தான் உருவிப் போட்ட ரெண்டு ஸ்பிரிங் பட்டைகளை இன்னாசிராஜ் திரும்பிப் பார்த்தார்.

"கேஸ் எழுதணும்யா. ஏமாந்த இளிச்சவாயன் பேரு ஒண்ணு வேணும். இத மாட்டிக் குடுத்த கூட்டாளி பேரு ஒண்ணு வேணும். தகவல் குடுத்தவன் நீதான, ரெண்டையும் சொல்லு."

இரண்டு இடத்திலும் எழுத, இன்னாசிராஜிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

உங்கள் வீட்டுக்கு வந்த லோடை நீங்கள் எப்படிப் பார்த்து வாங்கினீர்கள்? அவசியம் எழுதுங்கள். 'என் கண்ணால பாத்தேன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.