ஓடப் போகிறவள்

"அக்கா, நீ ஓடப் போறியாமே?"

"ஆமா, ஞாயித்துக்கிழமை."

"யாரோட?"

"ஆயிரம் பேரோட."

"விளையாடாதே! நீ ஓடிட்டா அம்மாவை யாரு பாத்துக்கிறது?"

"அம்மாவுக்காகத்தான் ஓடறேன்."

கேட்டவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மாவுக்காக எவளாவது வீட்டை விட்டு ஓடுவாளா?

ஞாயிறு காலை, ஓடப் போகிறவள் பனியனில் நம்பர் அட்டையைக் குத்திக்கொண்டிருந்தாள். 'மறதிநோய் நிதி ஓட்டம்' என்று அதில் அச்சடித்திருந்தது. மற்றவள் அதைப் படிக்கவில்லை; ரகசியமாக ஒரு பையை நீட்டினாள்.

"மாத்துத்துணி வெச்சிருக்கேன். அப்பாகிட்ட மூச்சு விட மாட்டேன். போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடு."

"மத்தியானமே வந்துடுவேன்" என்ற மகள், இத்தனை நாள் அக்காவாகவே நடித்தவள், வாய் தவறி "அம்மா" என்றாள்.

பெற்றவள் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயையோ, அம்மா எழுந்துட்டாங்களா?"