சாம்சன் சாரின் வாய்

"இன்னாமா இது? கேட்ல நிக்கிற வாட்ச்மேன் கூட இதைவிட நல்லா செக் பண்ணுவான்!"

சாம்சன் சார் கத்தியதில் டெஸ்ட் ரூமே திரும்பிப் பார்த்தது. டிரெய்னி பாண்டிச்செல்வி அக்கா மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ரெண்டே வரி. அதுக்கு இத்தனை கூத்து.

தகடு அழுத்தும் மெஷினுக்கு கன்ட்ரோல் பெட்டி செய்கிறோம், வல்லம் வடகால் தொழிற்பேட்டையில். ஸ்கிரீனில் நீளத்தைத் தப்பாக அடித்தால் பெட்டி அப்படியே உறைந்துவிடும். தப்பான எண்ணை உள்ளேயே விடாதபடி, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடியில் இருக்கும் கெர்னல் கோடில் அக்கா ஒரு செக் சேர்த்திருந்தாள். சாம்சன் சார் பார்த்து ஓகே சொல்ல வேண்டும்.

"ஆயிரத்துக்கு மேல அடிச்சா தடுக்குற. மைனஸ் அடிச்சா?"

"மைனஸ் ஆரு சார் அடிப்பாவ?"

"கிரீஸ் கையோட அடிக்கிறவன் எதை வேணா அடிப்பான். மாத்தி எடுத்துனு வா!"

மாற்றினாள். மறுபடி கத்தல்.

"நம்பரை யூஸ் பண்ணிட்டு அதுக்குக் கீழ செக் வெச்சிக்கிற. பஸ்ஸை விட்டு இறங்கினப்புறம் டிக்கெட் கேப்பியா?"

சிரித்தார்கள். எனக்கு எரிந்தது. தப்பை எழுத ரிவ்யூ பக்கம் என்று ஒன்று சிஸ்டத்தில் இருக்கிறது. அமைதியாக எழுதலாம். இந்த ஆளுக்கு அது போதாது. பத்து பேர் வேடிக்கை பார்க்க வேண்டும். வேலை நிரந்தரமாகாவிட்டால், தண்டலம் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியவள் அவள்.

மூன்றாவது முறையும் கத்தித் தீர்த்த பிறகுதான் ஓகே சொன்னார்.

மறுநாள் மேனேஜர் மணிகண்டபிரபு சாம்சன் சாரிடம் வந்தார். பக்கத்து மேஜையில் நான் பெட்டிக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒயர் மாட்டுகிறவனுக்குக் காது இருக்கும் என்று இவர்கள் யாரும் நினைப்பதில்லை.

"என்னய்யா, சிஸ்டத்துல பாண்டிச்செல்வி பேர்ல ஒரு ரிஜெக்ட் கூட இல்ல? மூணு விழுந்திருந்தா இன்னிக்கே அனுப்பியிருக்கலாம். ஆளைக் குறைன்னு மேல உயிரை எடுக்கறாங்க."

"நல்லாத்தான் எழுதிக்குது சார்."

"நீ கத்தினது என் ரூம் வரைக்கும் கேட்டுச்சே!"

"அது என் வாய் சார். சும்மாவே கத்தும்."

அவர் கத்தினது தப்புதான். இப்பவும் சொல்வேன்.

மேனேஜர் பல்லைக் கடித்தார். "அவ தப்பு எதுவானாலும் வாயால சொல்லாத, சிஸ்டத்துல ஏத்துன்னு உன்கிட்ட எத்தனை தடவைய்யா சொன்னேன்?"